நெய் தடவிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று நான் சொன்னால் உங்களில் ஒருத்தர்கூட நம்புவதில்லை. போன மாதம் நம் பழைய கூட்டம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். ஒருத்தி புரையேறச் சிரித்தாள். இன்னொருத்தர், "உங்கப்பாவா? அவர் கொசுவைக்கூட ஜன்னலைத் திறந்து வெளியே அனுப்பறவராச்சே" என்றார். உங்களுக்கு என் அப்பா என்றால் கட்டம் போட்ட ஸ்வெட்டர், வாயில் ஒரு ஏலக்காய், யார் வீட்டுக்குப் போனாலும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம், அவ்வளவுதான். சரி, எழுதியே வைத்துவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். எனக்குத்தான் அது கிடையாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஒலிம்பிக் வருகிறது என்று மான்ட்ரியல் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு லாசாலில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர் வேலை. இன்ஜினியர் என்று பெயர்தான், ஒரு ஸ்பானரைக் கையால் தொட முடியாது. தொட்டால் யூனியன்காரர்கள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுவார்கள். வரைவது இவர் வேலை, கை வைப்பது அவர்கள் வேலை. தரையில் உருண்டு கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்ததற்கு மூன்று பேர் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மோர்சாதத்தைப் பிசைந்தபடி அம்மாவிடம், "இருபது வருஷமா இரும்போட குடும்பம் நடத்தறேன், இன்னும் தொட்டுப் பார்க்கலை" என்றார். அம்மா ஊறுகாயை நகர்த்தி வைத்தாள்.

இந்த ஏக்கத்துக்குத் தீனி போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர். தெருவில் எல்லாருக்கும் பெயர் இருந்தது, அவரை மட்டும் நாங்கள் 'முஸ்யே', பிரெஞ்சில் 'ஐயா', என்றே சொல்வோம். அவரும் அவருடைய மச்சினரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினரின் பண்ணையில் கூடி பழைய காலத்துத் துப்பாக்கியால் சுடுவார்கள். தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நெய்த்துணியில் சுற்றிய ஈயக் குண்டை மேலே வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கி, பின்னால் பொறி கிளப்பும் 'கேப்' ஒன்றைப் பொருத்திச் சுட வேண்டும். நெய்த்துணி என்றா சொன்னேன்? அந்தக் கதை பிறகு வருகிறது. முஸ்யே ஒருநாள் வேலிக்கு மேலாக ஒரு கேட்டலாக்கை நீட்டினார். துப்பாக்கியைப் பாகம் பாகமாக அனுப்புவார்களாம், நாமே தேய்த்து, ராவி, பொருத்திக்கொள்ளலாமாம். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்த பார்வையை நான் அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், என் மகன் பிறந்தபோது.

பெட்டி ஏப்ரலில் வந்தது. அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க இது? யாரைச் சுடப் போறீங்க?"

"அட்டையைம்மா. அட்டையில வட்டம் போட்டு வெச்சிருப்பாங்க."

"அட்டையைச் சுடறதுக்கா இவ்ளோ பெரிய பெட்டி? சரி, கட்டையும் கம்பியும் எப்படியோ போகட்டும். மருந்து ஒரு பொட்டு இந்த வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

அதனால் மருந்து எப்போதும் முஸ்யேவின் ஷெட்டிலேயே இருந்தது.

நீங்கள் நினைப்பீர்கள், அப்பா அன்றைக்கே உளியும் அரமுமாக இறங்கியிருப்பார் என்று. ஹும். மூன்று வாரம் அளந்தார். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, வரைபடத்தாளில் எழுதி, கேட்டலாக்கில் போட்டிருந்த அளவு தப்பு என்று கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதம் போட்டார். ஸ்க்ரூ ஒன்று மயிரிழை பெரிசாம். எனக்கானால் உள்ளங்கை அரிக்கிறது. கடைசியில் உப்புத்தாளைக் கையில் கொடுத்து, "கட்டை முழுக்க நீ தேச்சு முடி. இந்த சீசன்ல ஒரு ஷாட் உனக்கு" என்றார்.

"நிஜமாவா?"

"நிஜமா. நீயே மருந்து போட்டு, நீயே குறி பார்த்து."

அந்த ஒரு ஷாட்டுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே! வால்நட் மரம். முரடு, நடு, பொடி என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே பேஸ்மென்ட். விரல் நுனியில் ரேகையே போய்விட்டது. அடிக்கடி அப்பா கட்டையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இங்க இன்னும் ஒரு மேடு இருக்கு" என்பார். எனக்கு எந்த மேடும் தெரியாது. தேய்ப்பேன். மே முழுக்கத் தேய்த்தேன், ஜூன் முழுக்கத் தேய்த்தேன். ஆளி விதை எண்ணெய் தடவித் தடவி உலர்த்தியதும் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு பளபளப்பு வந்தது. அந்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா இரும்பைப் பார்த்துக்கொண்டார், மரம் முழுக்க என் கை. இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

இப்போது நெய். செய்முறைப் புத்தகத்தில், குண்டைச் சுற்றும் துணியில் மாட்டுக் கொழுப்பைத் தடவச் சொல்லியிருந்தது. முஸ்யே ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா சமையலறையிலிருந்தே மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அந்தக் கண்றாவியை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. முட்டை போட்ட கேக்கையே வாசல்ல வெச்சு சாப்பிடற வீடு இது."

முஸ்யேவுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தப்பான பிராண்டைக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அம்மாவின் நெய் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி காணாமல் போனது. பிறகு தினமும் ஒரு கரண்டி. வெண்ணெயில் உப்பு இருக்கிறது, இரும்புக்கு ஆகாது, நெய்யில் அது கிடையாது என்று அவர் கண்டுபிடித்ததை நியூட்டன் லெவலுக்கு எனக்கு விளக்கினார். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அது பிரமாதமாக வேலை செய்தது. துப்பாக்கி வெடித்ததும் முதலில் வெள்ளைப் புகை, அழுகிய முட்டை நாற்றம், அதற்குப் பின்னால் மெல்லப் படர்ந்து வரும் நெய் ரோஸ்ட் வாசனை. பண்ணையில் நின்ற அத்தனை பிரெஞ்சுக்காரர்களுக்கும் பசி எடுத்துவிடும்.

ஆனால் என் ஷாட்? அதைக் கேளுங்கள்.

ஜூலையில் முதல் தடவை போனோம். அப்பா ஒரு அட்டையில் பதினான்கு படிகளை எழுதி எடுத்து வந்திருந்தார். முதல் படி மருந்து போடுவது. அதைப் போடும் நேரம் பார்த்து ஒருவர் நெய்யைப் பற்றிக் கேட்க, இவர் பாடம் நடத்த ஆரம்பித்து, மருந்து போடாமலே குண்டை இடித்து இறக்கிவிட்டார். கேப் 'டப்' என்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குண்டைத் திருகி வெளியே இழுக்க ஒன்றரை மணி நேரம். அவர் சுட்டு முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. "அடுத்த தடவை" என்றார். ஆகஸ்டில் மழை. "அடுத்த தடவை." செப்டம்பரில் குண்டு ஒரு சாண் இடதுபக்கம் போகிறது என்று நாள் முழுக்க முன்குறியைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டே இருந்தார். நான் புல்லில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். முஸ்யே ஓர் ஆப்பிளை என் மடியில் போட்டு, "உன் அப்பா சுட வரலை, அளக்க வந்திருக்கார்" என்று அவருடைய அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது அக்டோபர் கூட்டம், அவர்கள் பாஷையில் 'மீட்', ஒன்றுதான். நீண்ட வார இறுதியின் ஞாயிறு. அதோடு சீசன் முடிகிறது, மிச்ச மருந்தையெல்லாம் அன்றைக்கே சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். அப்பா இந்தத் தடவை நிஜமாகவே கவனமாக இருந்தார். சனிக்கிழமை காலையில் முஸ்யேவோடு பண்ணைக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஐந்தாறு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மருந்தை முன்கூட்டியே அளந்து ஹோமியோபதி மாத்திரைச் சீசாக்களில் அடைத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதில் ஒன்றில் பிளாஸ்திரி ஒட்டி 'பொண்ணு' என்று எழுதியிருந்தார். கோட்டுப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காரிலேயே எனக்குக் காட்டினார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அதே சனிக்கிழமைதான் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. அசல் நாள் எதுவாக இருந்தாலும் சனிக்கிழமைக்கு நகர்த்திக்கொள்வதுதான் அப்போது நமக்கெல்லாம் வழக்கம், விருந்தாளிகள் வர வேண்டுமே. அப்பா திரும்பி வந்தபோது வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு. உள்ளே சுண்டல் வெந்த ஆவியும் கற்பூரப் புகையும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. பூஜையில் அப்பாவின் ஸ்லைடு ரூல், என் ஜியாமெட்ரி பாக்ஸ், தையல் மெஷின், டாக்டர் மாமாவின் ஸ்டெதாஸ்கோப், பனி அள்ளும் மண்வெட்டி, எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"குடுங்க அதை இப்படி. இத்தனை வருஷமா ஆயுத பூஜைனு சொல்லிட்டு மண்வெட்டியைக் கும்பிட்டுட்டு இருக்கோம். இப்பதான் வீட்டுக்கு ஒரு நிஜ ஆயுதம் வந்திருக்கு."

ஏப்ரலில் கதவை மறித்து நின்றவள் இவள்தான், நினைவிருக்கட்டும்.

"கழுவிட்டுத் தரேன்" என்றார் அப்பா.

"நல்ல நேரம் முடியப் போகுது. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. அப்புறம் கழுவிக்கலாம்."

துப்பாக்கியை வாங்கி, வெளிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, கட்டையில் மூன்று பொட்டு, கேப் பொருத்துகிற முனையில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சாமந்திச் சரத்தைக் குழலில் சுற்றி நடுநாயகமாகச் சாய்த்துவிட்டாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். கரிமருந்து சுட்ட குழலை அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே படிந்த கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கெட்டிலில் வெந்நீர் வைப்பது எப்போதும் என் வேலை. பூஜை முடிந்ததும் நான் கெட்டிலோடு போய் நின்றேன்.

"எங்க எடுக்கறே?" என்றார் டாக்டர் மாமா. நம் கூட்டத்தில் பஞ்சாங்கம் வைத்திருந்த ஒரே ஆள். அவர் சொன்னால் அது கோர்ட் உத்தரவு. "பூஜையில வெச்சதைத் தொடக் கூடாதும்மா. விஜயதசமி அன்னிக்குப் புனர்பூஜை பண்ணிட்டுதான் எடுக்கணும்."

"அப்ப நாளைக்குக் காலையில எடுக்கலாமா மாமா?"

"நாளைக்கா?" என்று பஞ்சாங்கத்தைப் பிரித்தார். சென்னை நேரத்தை மான்ட்ரியல் நேரமாக்கி, விரல் விட்டு எண்ணி, "தசமி இங்க ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் வருது. திங்கக்கிழமை காலையில எடுங்கோ" என்றார்.

பூஜையை மட்டும் சௌகரியமான நாளுக்கு நகர்த்தலாமாம், எடுப்பதற்கு மட்டும் திதி தவறக் கூடாதாம்! என்ன நியாயம் இது? நான் கத்தினேன். "நாளைக்கு மீட்! கடைசி மீட்! கழுவவே இல்ல, துரு பிடிச்சிடும்!" பதினைந்து பெரியவர்கள் சுண்டல் கிண்ணத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணாலேயே உட்கார் என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். மயிரிழைக்காகக் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதிய மனிதர். சுண்டலில் கிடந்த மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறையில் என் பக்கத்தில் வந்து, "ரெண்டு நாள்தானேடா. ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முஸ்யே வந்து ஹாரன் அடித்தார். அப்பா வெளியே போய் ஏதோ சொன்னார். துப்பாக்கி சாமிக்கு முன்னால் இருக்கிறது என்பதை அவர் எந்த மொழியில் விளக்கினாரோ தெரியாது, முஸ்யே ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிவிட்டுத் தனியாகப் போனார். நான் சுடவும் கூடாது, புத்தகமும் பூஜையில் இருந்ததால் படிக்கவும் கூடாது. நாள் முழுக்க அந்தத் துப்பாக்கியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை விடுமுறை. ஆறு மணிக்குக் குளித்துவிட்டு நான் தயார். அம்மா சூடம் காட்டி முடித்ததும் அப்பா துப்பாக்கியை பேஸ்மென்ட்டுக்கு எடுத்துப் போனார். சந்தனம் காய்ந்து கேப் முனையின் ஓட்டையை அடைத்திருந்தது. அம்மாவின் ஊக்கால் குத்தி எடுத்தார். வெந்நீர் ஊற்றினார். கறுப்பாக வர வேண்டிய தண்ணீர் டீ மாதிரி வந்தது. கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தார், செங்கல் நிறம். இன்னொரு துணி, இன்னொன்று. பிறகு ஒரு சின்ன பல்பை ஒயரில் கட்டி உள்ளே இறக்கி, குழலை எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போலாமாப்பா?"

குழலை மறுமுனைக்குத் திருப்பி மறுபடி கண்ணை வைத்தார்.

"ஒரு சீசா இருக்கில்ல? என்னோடது இருக்கில்ல?"

"வா" என்றார்.

பண்ணையில் யாரும் இல்லை. முஸ்யேவின் மச்சினர் தூரத்து டிராக்டரிலிருந்து கை காட்டினார். புல்மேல் வெள்ளையாக உறைபனி. அட்டையை அப்பா மாட்டினார். சீசாவைத் திறந்து மருந்தைக் கொட்டினார், நெய்த்துணி, குண்டு, இடித்தார். நானே மருந்து போட வேண்டும் என்று பேச்சு. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கேப்பைப் பொருத்தினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"நீ கார் பின்னாடி போய் நில்லு."

"ஏன்?"

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேன்."

"ஒண்ணுதானே இருக்கு!"

"தெரியும். போ."

போனேன். கார் டிக்கிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மனிதர் தோளில்கூட வைக்கவில்லை. இடுப்புப் பக்கமாகத் தள்ளிப் பிடித்து, குறி பார்க்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சுட்டார். புகை வந்தது. நெய் வாசனை வந்தது. அட்டையில் ஒரு கீறல் இல்லை. என் சீசா, என் பெயர் ஒட்டிய சீசா, அதை வானத்தையோ புல்லையோ பார்த்துச் சுட்டு வீணாக்கிவிட்டு, அவர் குழலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதற்கெல்லாம் அசைகிறவரா? வீட்டுக்கு வந்ததும் திரும்பக் கழுவினார், திரும்ப பல்பை இறக்கிப் பார்த்தார். டிசம்பரில் ஈயத்தை உருக்கிக் குழலுக்குள் ஊற்றி அடைத்தே விட்டார். எனக்குக் கிடைக்கவே கூடாது என்று செய்கிறார் என்று நினைத்தேன். வசந்தத்தில் அதை முஸ்யேவிடம் கொடுத்து, சுவரில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் தேய்த்த மரம். போயிற்று.

இத்தனை வருஷம் இந்தக் கதையை நான் எப்படிச் சொல்லி வந்தேன் தெரியுமா? என் அப்பா வாக்குத் தவறியவர், எனக்கென்று வைத்த ஒரே ஷாட்டைத் தானே சுட்டுக்கொண்டவர் என்று. என் கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் வேறு ஒரு சண்டையில் இதை இழுத்துப் பேசியிருக்கிறேன். அவர் ஏலக்காயை மென்றுகொண்டு நின்றார்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. முகத்தை ஏன் திருப்பிக்கொண்டார்? நான் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றேன் என்று உங்களுக்குத் தெரியும். அழுத்தம் தாங்கும் குழாய்களில் துருக்குழி விழுந்தால் எங்கே பிளக்கும், எப்படிப் பிளக்கும் என்று முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவள் நான். இது புரிய எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்திருக்கிறது, சே!

தாங்குகிறதா என்று பார்த்திருக்கிறார். தாங்கினால் அடுத்த வருஷம் எனக்குக் கொடுக்கலாம் என்று, தன் கையையும் முகத்தையும் பணயம் வைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டில் திரும்ப பல்பை இறக்கிப் பார்த்ததும் அந்த நம்பிக்கையும் போயிருக்கும், அதனால்தான் ஈயம். அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? துரு தின்றுவிட்டது, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை! சொல்லியிருந்தால் நான் நேரே போய் அம்மாவின் பூஜையைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அவளை விட்டிருக்க மாட்டேன், அது அவருக்குத் தெரியும். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது நான் யாரிடம் போய்க் கத்துவது?

அன்றைக்குப் பண்ணையிலிருந்து திரும்பும்போது கார்க் கதவை அறைந்து சாத்தினேன். "நீங்க பொய்யர். இனிமே உங்களை நம்பவே மாட்டேன்" என்றேன். அவர் சாவியைப் போட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"பெல்ட் போட்டுக்கோ" என்றார்.